பேர் வெட்டிய பாத்திரம்

பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போவதற்கு இரண்டு வாரம் முன்பாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் அங்கே போய்வருவேன். பல வருட வழக்கம் இது. "பார்த்த இடத்தையே எத்தனை தடவை பார்ப்பே?" என்று வீட்டில் கேட்பார்கள். அன்றைக்கு நான் பார்க்கப் போவது வேறு. பஸ்ஸை எங்கே நிறுத்துவது, பிள்ளைகள் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்குமா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகள் பக்கம் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட நிழல் உண்டா, இதெல்லாம் முதலில். பிறகு ஒவ்வொரு காட்சிப்பெட்டி முன்னாலும் முழங்காலை மடக்கிக் குனிந்து பார்ப்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் என் தோள் உயரத்தில் இருக்கிறது. எனக்குத் தெளிவாகத் தெரிகிற பொருள் அவளுக்குக் கண்ணாடியில் விழுகிற விளக்கு வெளிச்சமாக மட்டும் தெரியலாம். காவலர்கள் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். டீச்சர் என்று சொன்னதும் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் வரலாறு என் பொறுப்பு. ஊரில் பாதிப்பேர் தறிக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் காட்டுவேலைக்கு. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அருங்காட்சியகம் என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல். அதை ஒரு நாளாவது இடமாக ஆக்கிக் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

முதல் முறை அழைத்துப்போனபோது அறுபத்து நான்கு பேர். பெரிய நகரத்து அருங்காட்சியகம் ஒன்று. இரண்டு மணி நேரத்தில் எல்லாக் கூடத்தையும் காட்டிவிட வேண்டும் என்று ஓடினேன். கையோடு நாற்பது கேள்விகள் அச்சடித்த தாளும் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் பெட்டிக்குப் பெட்டி நகர்ந்து, பெயர்ப்பலகையைப் பார்த்து விடை எழுதிக்கொண்டே போனார்கள். பார்க்க ஒழுங்காக இருந்தது. மறுநாள் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணின் தாளைத் திருத்தினேன். ஒரு செப்புத்திருமேனி எந்த நூற்றாண்டு, எந்த ஊரில் கிடைத்தது, எந்த அரசர் காலம், என்ன உலோகம், நாலும் சரி. "அந்தச் சிலைக்கு எத்தனை கைம்மா?" என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. அறுபத்து நான்கு பேரும் அதன் முன்னால் நின்றிருந்தார்கள், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. தவறு அந்தப் பிள்ளைகளுடையதல்ல, தாள் கொடுத்த என்னுடையது. அன்றோடு கேள்வித்தாளை விட்டேன்.

அதற்குப் பிறகு நான் வகுத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஐந்து பொருள். அருங்காட்சியகத்தில் ஐயாயிரம் இருக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் ஐந்தைத் தேர்ந்தெடுத்துவிடுவேன். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் உட்கார வேண்டும். மற்றதைப் பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்குச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். "இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போய் அஞ்சைக் காட்டவா?" என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. ஆமாம், அஞ்சைக் காட்டத்தான்.

சென்னையில் இருக்கிற ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரே மூச்சில் பார்த்து முடிக்கப் பெரியவர்களாலேயே ஆகாது. அந்தக் காலத்தில் சென்னைவாசிகள் அதைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்களாம். காலேஜ் என்று சொன்னார்களே, அதைக் கவனிக்க வேண்டும். படிக்காத சனங்களுக்கும் அது கற்கிற இடம் என்று தெரிந்திருந்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிப் பொருள்கள், புரூஸ் ஃபூட் சேகரித்த கல்லாயுதங்கள், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், அமராவதிச் சிற்பம், திமிங்கில எலும்புக்கூடு. ஒரு நாளுக்கு இது போதும், தாராளம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும். முன்கூட்டி விசாரிக்காமல் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய பள்ளிகளை எனக்குத் தெரியும்.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்தபோது என் வேலை பாதி குறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வைகைக்கரை எங்களுக்குப் பக்கம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் முற்றம், தாழ்வாரம், தூண்கள் என்று கட்டியிருக்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்வதில்லை. அதைவிட முக்கியம், அங்கே இருப்பவை ராஜா-ராணிப் பொருள்கள் அல்ல. பானை, சீப்பு, மணி, பகடை, தக்களி, சில்லு. எங்கள் பிள்ளைகளின் வீட்டுச் சாமான்களுக்கு அண்ணன் தம்பி முறை.

சுற்றுலா பஸ் ஏறுகிற அன்றைக்குத் தொடங்குவதில்லை. பத்து நாள் முன்பே வகுப்பறையில் தொடங்கிவிடும். முதல் நாள் வீட்டுப்பாடமாக, பேர் வெட்டிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வேன். மறுநாள் மேசை நிறைய எவர்சில்வர். தூக்குவாளி, சம்படம், தாம்பாளம், டம்ளர், கரண்டி. ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. "இது யார் பேர்?" என்று கேட்கக் கேட்கக் கதை வரும். "எங்க அப்பத்தா பேர் டீச்சர், அது செத்துப்போச்சு." "இது எங்க மாமா கல்யாணத்துக்கு வந்த மொய்." "இதுல இருக்கிற பேரு யாருன்னே தெரியலை டீச்சர், பழைய பாத்திரக் கடையில வாங்கினதாம்." ஒரு வருடம் ஒரு பையன் கொண்டுவந்த செம்பில் அவன் பேரே இருந்தது, பாட்டனார் பேரை அவனுக்கு வைத்திருக்கிறார்கள். கேள்வி இதுதான்: பாத்திரத்தில் ஏன் பேர் வெட்டுகிறோம்? விசேஷ வீட்டில் மாறிப்போகாமல் இருக்க, கொடுத்தவர் யார் என்று தெரிய, செத்தவரை நினைக்க. பிள்ளைகளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அப்போதுதான் கரும்பலகையில் மூன்று எழுத்து எழுதுவேன், தமிழி எழுத்தில்: ஆதன். கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் இருக்கிற பேர். குவிரன் ஆதன் என்றும் இன்னொன்று. 2018-இல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐம்பத்தாறு கிடைத்தன. "பேர் வெட்டிய பாத்திரம் டீச்சர்!" என்று யாராவது ஒருவர் கத்துவார். அதை நான் சொன்னதே கிடையாது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள்தான் சொல்கிறார்கள்.

பிறகு ஒரு வாரம் தமிழியில் அவரவர் பேரை எழுதுகிற வேலை. 'க' கூட்டல் குறி மாதிரி இருக்கும். கனகா, கார்த்திக், கருப்பசாமி எல்லோருக்கும் அதில் ஏகப் பெருமை. உடைந்த மண்சட்டி ஓட்டில் ஆணியால் கீறிப் பார்க்கச் சொல்வேன். சுட்ட ஓட்டில் கீறுவது எவ்வளவு கஷ்டம், கோடு எப்படி வழுக்கிப்போகிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிட்டால், அருங்காட்சியகத்தில் அந்த ஓட்டைப் பார்க்கிற பார்வையே வேறு.

இன்னொன்று, ஏணி. 2019-இல் வெளியான அகழாய்வு அறிக்கையில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் பொது ஆண்டுக்கு முன் 580 என்று ஆய்வகம் கணித்ததைச் சொல்லியிருந்தார்கள். 353 சென்டிமீட்டர் என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் ஏணி வைத்து வகுப்பறைச் சுவரில் 353-ஆவது சென்டிமீட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் செய்தேன். கதவு நிலைக்கும் நாலரை அடி மேலே போயிற்று கோடு. "அந்தக் கோடுதான் இன்றைய தரை. நாம இப்ப உட்கார்ந்திருக்கிற இடத்துல அந்தக் கரி கிடந்தது" என்றேன். நாற்பது தலைகளும் அண்ணாந்து பார்த்தன. ஒரு பையன் நோட்டில் வகுத்துப் பார்த்து, வருடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட வரவில்லை என்றான். மண் எல்லா வருடமும் ஒரே அளவில் சேராது, வெள்ளம் வந்த வருடம் கூடும், வராத வருடம் குறையும் என்று விளக்கினேன். அந்தக் கோட்டை இன்னும் அழிக்கவில்லை. வெள்ளையடித்தபோது மறுபடி போட்டுக்கொண்டோம்.

அனுமதி வாங்குகிற வேலையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், வண்டியின் எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நகல்கள், பெற்றோர் இசைவுக் கடிதம். நேரம் எடுக்கும், ஆனால் நடந்துவிடும்.

நடக்காமல் போவது வேறு. இசைவுக் கடிதம் கொடுத்த இரண்டாம் நாள் ஒரு பிள்ளை வந்து, "எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும் டீச்சர், நான் வரலை" என்று சொல்லும். பாதி நேரம் அது வாந்தி இல்லை, காசு. தலைக்கு இருநூறு ரூபாய் என்பது ஒரு நாள் கூலியில் பெரிய பங்கு. வீட்டில் கேட்கவே அந்தப் பிள்ளைக்கு மனசு வராது. இதற்காகவே காசை வகுப்பில் வைத்து வாங்குவதை நிறுத்தினேன். ஒரு உண்டியல் தலைமையாசிரியர் அறையில் இருக்கும். யார் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று பெயர் எழுதுவதில்லை. குறைகிற பணத்தை முன்னாள் மாணவர்கள் சிலரும் நாங்களும் போட்டுக்கொள்கிறோம். அதன் பிறகு வாந்தி வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. வயசுக்கு வந்த பிள்ளையை வெளியூர் அனுப்ப மாட்டோம் என்பார்கள். கடிதம் எழுதி அந்த மனசை மாற்ற முடியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும், திண்ணையில் உட்கார வேண்டும், காப்பி குடிக்க வேண்டும். எத்தனை பெண் ஆசிரியர்கள் வருகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், என் போன் நம்பர் என்ன என்று அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் சொல்ல வேண்டும். ஒரு முறை ஒரு அம்மா, "நானும் வரலாமா டீச்சர்? நான் அஞ்சாப்போட நின்னுட்டேன்" என்று கேட்டார். வாருங்கள் என்றேன். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் இரண்டு தாய்மாரை அழைத்துப்போகிறோம். பிள்ளைகளை எண்ணுவதில் என்னைவிட அவர்கள் கெட்டி.

சாப்பாடு புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். கையில் ஒரு பையில் எலுமிச்சம்பழம், பாலித்தீன் கவர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், நாப்கின், இரண்டு செட் மாற்றுடை. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் அல்லது ஒரு தாய். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. ஏறும்போதும் இறங்கும்போதும் நான் எண்ணுவது ஒரு பக்கம், "என் ஜோடி இருக்கா?" என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்வது ஒரு பக்கம். இரண்டு கணக்கும் ஒத்தால்தான் வண்டி நகரும்.

கீழடியில் உள்ளே நுழைந்ததும் முதல் கால் மணி நேரம் எதுவும் சொல்ல மாட்டேன். ஓடட்டும், தொடாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரட்டும். புது இடத்தின் பரபரப்பு அடங்காமல் எந்தப் பிள்ளையும் எதையும் பார்க்காது. பிறகுதான் பத்துப் பத்துப் பேராக உட்காருவோம். காவலரிடம் முன்பே பேசி, தரையில் உட்கார அனுமதி வாங்கியிருப்பேன். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். வரைய வேண்டும். எழுதக் கூடாது. வரைவதற்குக் கண் அந்தப் பொருளுக்கு இருபது தடவை போய்வர வேண்டும். சீப்புக்கு எத்தனை பல், எந்தப் பல் உடைந்திருக்கிறது, பானையின் கருப்பு எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அந்தப் போக்குவரத்தில்தான் பிடிபடும்.

போன வருடம் நடந்தது ஒன்று. என் ஐந்தில் ஒன்றாக வட்டச் சில்லுகளை வைத்திருந்தேன். உடைந்த பானை ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கிய சின்னச் சின்னத் துண்டுகள். விளையாட்டுக் காய் என்று எழுதியிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதிகம் பேசாதவள், பாவாடைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தாள். பாண்டி ஆடுகிற சில்லு. ஓட்டு வீட்டு ஓடு உடைந்ததைச் சிமெண்ட் தரையில் தேய்த்து அவளே செய்தது. உள்ளே இருந்ததும் அவள் கையில் இருந்ததும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டிலும் ஓரத்தில் தேய்ப்புத் தடம் சாய்வாக ஓடியது. "இதை வலது கையால தேய்ச்சிருக்காங்க டீச்சர்" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். தன் சில்லைத் தரையில் வைத்துத் தேய்த்துக் காட்டினாள். கை சுழல்கிற திசையில் கீறல் சாய்ந்தது. அவள் சொன்னது சரியா என்று உறுதி செய்ய என்னால் முடியாது, ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வாளர்கள் கேட்கிற கேள்வி அது. பக்கத்தில் நின்ற காவலர் அண்ணன், "இத்தனை நாளா இங்க நிக்கிறேன், இதை நான் பார்க்கலையேம்மா" என்று குனிந்து பார்த்தார்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தக்களியையும் எலும்பில் செய்த கூர்முனையையும் விட்டு நகர மாட்டார்கள். நூல் ஒதுக்கத்தான் அது என்று எனக்கே பாடம் நடத்துவார்கள். அந்தப் பத்து நிமிடம் நான் மாணவி.

"ஆதன் ராஜாவா டீச்சர்?" என்ற கேள்வி எல்லா வருடமும் வரும். தெரியாது என்பதுதான் என் பதில். பானைக்குச் சொந்தக்காரனா, செய்தவனா, கொடுத்தவனா, அதுவும் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவர் அந்தப் பேரைக் கீறினார், அது வரைக்கும் சொல்லலாம். கீழடியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிறதை எல்லாம் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். உலகத்திலேயே முதல், எல்லாவற்றுக்கும் மூத்தது என்று. பெருமைப்பட நமக்கு உண்மையே போதும், மிகை வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். ஓட்டைக் காட்டி, இதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று இரண்டு பத்தியாகப் பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளையை அப்புறம் எந்த வதந்தியும் லேசில் ஏமாற்ற முடியாது. வரலாற்றுப் பாடத்தில் நான் கொடுக்க விரும்புவது இதைத்தான்.

குழிகள் திறந்திருக்கிற பருவமானால் தென்னந்தோப்புப் பக்கமும் நடந்துபோவோம். அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. தரையில் கிடக்கிற ஓட்டுச்சில்லைக்கூட எடுக்கக் கூடாது. எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஓடு. ஒரு பையன் ஒரு முறை ஒன்றை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பஸ் கிளம்பிப் பாதி வழி வந்த பிறகு அழுதுகொண்டே நீட்டினான். திட்டவில்லை. மறுவாரம் நானே பஸ் ஏறிப் போய் அங்கே இருந்த அலுவலரிடம் ஒப்படைத்தேன். அவன் இன்றைக்குக் கல்லூரியில் வரலாறு படிக்கிறான்.

ஆசிரிய நண்பர்களே, பஸ்ஸுக்குச் சொல்வதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் போய்வாருங்கள். பிள்ளைகளின் கையில் கேள்வித்தாளுக்குப் பதில் வெள்ளைத்தாள் கொடுங்கள். அருங்காட்சியகங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காட்சிப்பெட்டிக்கு முன்னால் அரை அடி உயரத்தில் ஒரு மரப்படி போடுங்கள். புதுப்பெட்டி செய்கிறபோது தச்சரிடம் இந்த அளவையும் சொல்லுங்கள்: ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து நாலேகால் அடியில் இருக்கிறது.